கேப் போட்டால் கவலை விட்டதா?

கடைவாய்ப் பல்லுக்கு இரும்பு கேப் போட்டாயிற்று. இனி அதையும் மெனக்கெட்டுத் தேய்க்க வேண்டுமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பரமக்குடி

நிலைக்கு இரும்புக் கதவு மாட்டிவிட்டால் சுவரில் கரையான் ஏறாதா, சார்? முதலில், அது இரும்பு அல்ல. பெரும்பாலும் நிக்கல்-குரோமியமோ கோபால்ட்-குரோமியமோ. அதற்குச் சொத்தை வராது, வாஸ்தவம். அதைத் தாங்கி நிற்கும் பல்லுக்கு வரும். கேப் முடிந்து பல் தொடங்கும் விளிம்பு ஈறை ஒட்டி இருக்கிறது. அங்கே படியும் அழுக்கில் கிருமிகள் குடியேறி, நீங்கள் குடிக்கும் காபியின் சர்க்கரையை அமிலமாக்கி, விளிம்பு வழியாக உள்ளே அரிக்கும். ரூட் கேனால் செய்த பல் என்றால் கூச்சமோ வலியோ காட்டிக்கொடுக்காது. ஒருநாள் முறுக்கைக் கடிக்கும்போது கேப்பும் மிச்சப் பல்லும் சேர்ந்து கைக்கு வந்துவிடும். பிரஷ்ஷை ஈறுப் பக்கம் சாய்த்து, அந்த விளிம்பைத்தான் தேய்க்க வேண்டும். பல்லிடுக்குக்கு ஃபிளாஸ் நூல். பளபளக்கும் மேல்பக்கம் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்.

பல்லுக்கு வெள்ளி அடைப்பு என்றுதான் டாக்டர் காசு வாங்கினார். இப்போது கன்னங்கரேல் என்று இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?
– வெற்றிலைப் பிரியர், கும்பகோணம்

உங்கள் வீட்டு வெள்ளிக் குத்துவிளக்கு கறுத்தால் ஆசாரியின் மீதா சந்தேகப்படுவீர்கள்? அந்த அடைப்பின் எடையில் ஏறக்குறைய பாதி பாதரசம். மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு. சாப்பாட்டிலிருந்தும் பல்லழுக்கில் வாழும் கிருமிகளிடமிருந்தும் வரும் கந்தகம் பட்டால் கறுக்கும். அழுக்கு சேரவிடாத வாயில் கறுப்பும் குறைவு. (வெற்றிலைக் கறையை இந்தக் கணக்கில் எழுத வேண்டாம்.)

ஒரு விசித்திரம்: அடைப்புக்கும் பல்லுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருக்கும். உலோகம் மெல்ல அரிபடுவதால் உண்டாகும் பொருள்களே நாளடைவில் அதை அடைத்துவிடும். துருவுக்கு நன்றி சொல்ல வேண்டிய இடம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். வெறும் கறுப்புக்குப் பயப்படாதீர்கள். ஓரம் உடைந்து நாக்கில் சொரசொரவென்று இடறினால், உடனே டாக்டரிடம் போங்கள்.

பாதரசமா! அப்படியானால் பல் தேய்ப்பதே ஆபத்தாயிற்றே?
– பயந்த வாசகி, சேலம்

மெல்லும்போதும் தேய்க்கும்போதும் துளியிலும் துளியாக ஆவி வருவது உண்மை. அதற்காக பிரஷ்ஷைப் பரணில் போட்டால் சொத்தை வந்து அடைப்பைத் தோண்ட வேண்டிவரும். அப்போதுதான் ஆவி அதிகம் கிளம்பும். கர்ப்பிணிகளுக்கும் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் புதிதாக இதைப் போடுவதைத் தவிர்க்கும்படி 2020இல் சொன்ன அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வே, நல்ல நிலையில் இருக்கும் பழைய அடைப்பைத் தேவையில்லாமல் எடுக்காதீர்கள் என்றும் சொல்லியிருக்கிறது.

செங்கல் பொடியும் உப்பும் போட்டுத் தேய்த்தால் கேப் புதிதாக மின்னும் என்கிறார் மாமனார்.
– மருமகன், மன்னார்குடி

மாமனார் பித்தளை அண்டாவை நினைத்துச் சொல்லியிருப்பார். கரகரத்த பொடி உலோகத்தில் கீறல் போடும். கீறலில் அழுக்கு ஒட்டும். அதைவிட, ஈறு இறங்கித் தெரியும் பல்லின் வேர் உலோகத்தைப் போல் கடினமானதல்ல. முதலில் தேய்வது அதுதான். மென்மையான பிரஷ், ஃபுளோரைடு பேஸ்ட் போதும். மாமனாரிடம் தலையை மட்டும் ஆட்டிவையுங்கள்.

சாக்லேட்டைச் சுற்றியிருந்த தாளைத் தவறிக் கடித்தேன். பல்லில் ஷாக் அடித்தது!
– கல்லூரி மாணவி, மதுரை

தாளில் அலுமினியம், பல்லில் வெள்ளி அடைப்பு, நடுவில் உப்பு கலந்த எச்சில். பேட்டரிக்கு வேறென்ன வேண்டும்? இந்தக் கரண்டுக்கு பில் வராது. தாளைப் பிரித்துவிட்டுச் சாப்பிடுங்கள்.

அப்பாவின் மெட்டல் பல் செட்டை பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் ஊறவைக்கலாமா?
– மகள், நாகர்கோவில்

கூடாது. குளோரின் அந்த உலோகத்தைக் கறுக்க வைக்கும், அரிக்கவும் செய்யும். சோப்பும் மென்மையான பிரஷ்ஷும் போதும். கம்பி பிடித்திருக்கும் சொந்தப் பற்களைத்தான் அப்பா இரண்டு வேளையும் தேய்க்க வேண்டும். அவை போனால் செட்டுக்குப் பிடிமானம் போயிற்று. இரவில் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். கழுவும்போது வாஷ்பேசினில் பாதி தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள், கை நழுவினாலும் உடையாது.