மரமூஞ்சூற்றைக் கணக்கெடுக்காமல் இருப்பது எப்படி?

கிழக்குத் தொடர்ச்சி மலைக்காடுகளின் சிறு பிராணியான மரமூஞ்சூறு, நம் ஏலகிரியிலும் ஜவ்வாதிலும் எங்கெங்கே இருக்கிறது, வெயில் ஏற ஏற அதன் பாடு என்ன என்று பார்க்க ஆம்பூர், வாணியம்பாடியிலிருந்து கிளம்பும் அன்பர்களுக்குச் சில யோசனைகள். இவற்றின்படி நடந்தால் எண்ணிக்கை ஒருநாளும் குறையாது. எண்ணினால்தானே குறைவதற்கு!

1. கண்ணில் பட்டதும் 'அணில்' என்று சொல்லிவிடுங்கள். மூக்கு நீண்டு கூராக இருக்கிறதே, தோளில் சாய்வாக ஒரு வெளிர்கோடு ஓடுகிறதே, முதுகில் மூன்று கோட்டைக் காணோமே என்று யாராவது இழுத்தால், ராமர் தடவ மறந்த அணில் என்று வாயை அடைத்துவிடுங்கள்.

2. கழுத்து சுளுக்கும்வரை மரக்கிளையையே பாருங்கள். ஏற்காட்டுப் பக்கம் ஆராய்ந்தவர்கள், அது பகலெல்லாம் பெரும்பாலும் தரையில்தான் பூச்சியும் விதையும் பொறுக்குகிறது, பாறை இடுக்கிலும் மண் பொந்திலும் படுக்கிறது என்று கண்டார்கள். கண்டவர்கள் கண்டுகொண்டு போகட்டும்.

3. மே மாத உச்சிவெயிலில் ஒரே ஒரு தடவை போங்கள். தென்படவில்லையா? 'இல்லை' என்று எழுதுங்கள். அதே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய், எத்தனை தடவையில் எத்தனை தடவை கண்ணில் பட்டது என்று குறித்தால், இல்லாமல் போனது எது, கண்ணுக்குத் தப்பியது எது என்று ஓரளவு பிரிந்துவிடும். அந்த வம்பு எதற்கு?

4. வெப்பத்துக்கு வேலூர் வானிலைக் கணக்கே போதும். பாறை இடுக்கில் ஒரு வெப்பமானியைச் செருகினால், வெளியே அனல் பறக்கும்போது உள்ளே எவ்வளவு தணிவு என்று தெரிந்து தொலைக்கும்.

5. 'சூடு கூடினால் மேலே ஏறிக்கொள்ளும்' என்று ஆறுதல் சொல்லுங்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும். ஒரு டிகிரி கூடினாலே பழைய குளிர்ச்சிக்கு ஏறக்குறைய 150 மீட்டர் ஏறியாக வேண்டும். அமெரிக்க மேற்குமலைகளில் பைக்கா என்ற குட்டிப் பிராணி சில இடங்களில் அப்படித்தான் ஏறிக்கொண்டே போகிறது. ஏலகிரி ஊர் இருப்பது சுமார் 1,100 மீட்டரில். அதற்கு மேல் சில குன்றுகள், அப்புறம் ஆகாயம்தான்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. ஆம்பூர்த் தோல் தொழிற்சாலையில் ஒரு தோல் மேசையில் விழுந்தால், சதுர அடி அளந்து, பின்பக்கம் எண் போட்டு, உண்ணி கடித்த தழும்பைக்கூடப் பார்த்துத் தரம் பிரித்த பிறகுதான் அடுத்தவர் கைக்குப் போகும். அந்தப் பழக்கம் மலைப்பக்கம் தொற்றிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொற்றினால், 'முன்னே எத்தனை இருந்தது?' என்று நாளைக்கு எவராவது கேட்கும்போது பதில் சொல்லவேண்டி வந்துவிடும்.