ஒட்டுப்பட இயல்: காரியாபட்டியை முன்வைத்து ஓர் ஆய்வு

பல படங்களை வெட்டி ஒரே அட்டையில் ஒட்டுவது கொலாஜ் எனப்படும். இக்கலையை 1912-ல் பிக்காசோவும் பிராக்கும் தொடங்கிவைத்தார்கள் என்பது மேல்நாட்டார் கொள்கை. அது பொருந்தாது என்க. என்னை? பிராக் ஒட்டியது மரம் போல அச்சிட்ட சுவர்த்தாள். பிக்காசோ ஒட்டியது பிரம்பு நாற்காலிப் பின்னல் அச்சடித்த எண்ணெய்த்துணி. சொந்தக்காரர்களை வெட்டி ஒட்டும் துணிச்சல் இரண்டு பேருக்கும் வரவில்லை. அதைக் காண வேண்டுமானால் மதுரையிலிருந்து தூத்துக்குடி போகும் நாற்கரச் சாலையில், அருப்புக்கோட்டை வருவதற்கு முன்பே காரியாபட்டியில் இறங்கிவிட வேண்டும். ஏதாவது ஒரு பழைய வீட்டின் முன்னறையில் நின்று அண்ணாந்து பார்த்தால் போதும். ஒரே கண்ணாடிச் சட்டம். அதற்குள் கல்யாண குரூப் போட்டோவிலிருந்து தனியே கத்தரித்த பெரியப்பா, முடியிறக்கிச் சந்தனம் பூசிய பிள்ளை, ரேஷன் கார்டுக்கு எடுத்து மிஞ்சிய பாஸ்போர்ட் படங்கள், துபாயில் யாருடைய காரிலோ சாய்ந்து நிற்கும் மச்சான். மூலையில் ஒரு தலை மட்டும் பிளேடால் எடுக்கப்பட்டிருந்தால், அந்த வீட்டுப் பாகப்பிரிவினை எப்படி நடந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இந்தப் பழைய கலைக்கு இப்போது ஒரு புதுக் கிளை முளைத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் மதுரைப் பிள்ளைகள் கேமராவோடு பைக்கில் வந்திறங்குகிறார்கள். வற்றிய கண்மாய், ஒற்றைப் பனை, பெயிண்ட் உரிந்த கதவு, துருவேறிய சால் என்று எடுத்துக்கொண்டு போய் ஒட்டுகிறார்கள். ஆர்வம் உண்டு, இலக்கணம் இல்லை. அக்குறையைத் தீர்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவர்களுக்கு முன்னோடி யார் எனின், லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ கேப்டன். 1858-ல் மதுரையைப் படமெடுத்தவர். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை வரிசையாக ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளச் சுருளாக்கியவரும் அவரே. ஆனால் அவர் ஒட்டியது படிப்பதற்கு, பார்த்து ரசிப்பதற்கு அன்று. ஆகவே அவரைப் பாட்டனாராக ஏற்கலாம். தகப்பனாராக ஏற்க இயலாது.

நிற்க. முதல், கரு, உரி என்று மூன்று பொருள் வைத்த தொல்காப்பியர், திணை மயங்கலாம், ஆனால் நிலம் இரண்டு ஒருங்கே மயங்கக் கூடாது என்று தடை போட்டார். இந்தத் தடையை ஊர் ஊராக மீறியவர்கள் போட்டோ ஸ்டுடியோக்காரர்கள். கரிசல் காட்டில் பருத்தி எடுத்துவிட்டு வந்த குடும்பம், திரையில் எழுதிய ஏரிக்கும் அன்னத்துக்கும் முன்னால் விறைத்து நிற்கும். இந்த மயக்கத்தின் வேர் நாடகக் கொட்டகையில் இருக்கிறது. கோவில்பட்டியில் குடியேறிய ஓவியர் கொண்டையராஜு (1898–1976) நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதியவர். அவரும் அவருடைய சீடர்களும் எழுதிய சாமி படங்கள் சிவகாசி அச்சகங்களில் காலண்டராகி, வீடு வீடாக ஏறின. கொட்டகைத் திரையில் இருந்த மலையும் சோலையும் அப்படியே முருகனுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டன. குண்டாற்றில் எப்போது தண்ணீர் வரும் என்று காத்திருக்கும் வட்டாரத்தில், ஆணியில் தொங்கும் அருவி மட்டும் வற்றுவதே இல்லை.

முதற்பொருளுக்கு வருவோம். நிலம் கரிசல், பொழுது எற்பாடு. கரிசல் மண்ணைக் கேமரா நம்புவதில்லை. எதைக் கண்டாலும் ஒரு நடுத்தரச் சாம்பல் நிறத்துக்கு இழுத்துவிடப் பார்ப்பது அதன் பிறவிக்குணம். கறுத்த உழவைக் கண்டதும் வெளிச்சம் போதவில்லை என்று நினைத்துத் தானாகவே ஏற்றிக் கொடுத்துவிடும். விளைவு, மண் வெளிறி, வானம் காணாமல் போய், பொட்டல் காடு சிமென்ட் கிட்டங்கி போல வந்து நிற்கும். ஆகவே வெளிச்ச அளவை ஒரு படி இறக்கி வைத்து எடுக்க. உச்சிவேளையில் எடுக்கலாமோ எனின், அப்போது படத்தில் நிழலும் இராது, எடுப்பவருக்கும் நிழல் இராது.

கருப்பொருளில் பனையும் வேம்பும் அய்யனார் குதிரையும் சொல்லாமலே வந்து சேரும். அழையாமல் வருவது சீமைக்கருவேலம். எந்தப் பக்கம் திரும்பினாலும் சட்டத்தின் ஓரத்தில் ஒரு கொப்பு நீட்டிக்கொண்டிருக்கும். கத்தரித்துவிடலாமே என்பாரும் உளர். 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டு, பொக்லைன் வைத்துத் தோண்டியும் தழைத்த மரத்தைக் கத்தரிக்கோல் என்ன செய்துவிடும்? இருந்துவிட்டுப் போகட்டும். தொலைவில் பனிமூட்டம் என்று ரசித்து எடுக்கப்படுவதும் பெரும்பாலும் அதே மரத்தை வேகவைக்கும் கரிமூட்டத்தின் புகைதான்.

இனி உரிப்பொருள். பாலைக்குப் பிரிவு போல, ஒட்டுப்படத்துக்கு உரிப்பொருள் வேலையற்றிருத்தல். ஓடுகிற மோட்டாரை எவரும் படமெடுப்பதில்லை; நின்றுபோன கமலையின் உருளையை நான்கு கோணத்தில் எடுக்கிறார்கள். எனவே ஒரு பொருளுக்கு எப்போது வேலை போயிற்று என்று கணிப்பதே இத்துறையின் தலையாய ஆய்வு. கொல்லையைத் தோண்டாமலே அடுக்குகளைப் படிக்கலாம். அடியில் சாலும் உருளையும்: இது பம்புசெட் வந்த அடுக்கு. அதற்கு மேல் ஆட்டுக்கல்: 2011-ல் அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கியபின் வெளியேறியது. அதற்கும் மேல், 2006-ல் கொடுக்கத் தொடங்கிய இலவசக் கலர் டிவியின் கூடு. தற்போது உள்ளே ஒரு கோழி அடைகாக்கிறது. கோழி எழுந்த பிறகுதான் அது படத்துக்குத் தகுதி பெறும். இப்போதைக்கு அது பணியில் உள்ளது.

இக்கோட்பாட்டைப் பொருளுக்கு உடையவர்கள் ஒப்புவதில்லை. ஆட்டுக்கல் முன்னால் குத்தவைத்துக் குழியைப் படமெடுத்துக்கொண்டிருந்தபோது வீட்டு அப்பத்தா வந்து பார்த்தார்.

“இதப் போயா படம் புடிக்கிறீக? உள்ளார வாங்க, புது கிரைண்டர் இருக்கு. மக வாங்கிக் குடுத்தது. அதப் புடிங்க.”

“பழசுதான் அழகா இருக்கு அப்பத்தா.”

“ஆட்டிப் பாத்தாத் தெரியும் அழகு.”

இம்மறுப்புக்கு இத்துறையில் இதுவரை விடை இல்லை.

விலை குறித்தும் சில சொல்லவேண்டும். அதே இரும்புச் சாலுக்குத் தெருவில் வரும் பழைய இரும்புக்காரர் கிலோ கணக்கில் ஒன்று சொல்வார். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைக்குப் போய்விட்டால் அதற்கு எடை போய், வயசு வந்துவிடும். படமெடுப்பவர் ஒரு காசும் தருவதில்லை, ஆனால் அதிகமாகப் பெருமூச்சு விடுபவர் அவர்தான்.

வெட்டவும் ஒட்டவும் தேவையே இல்லாத ஒட்டுப்படமும் உண்டு. பழைய வீட்டுக் கதவை ஒரு சாண் தொலைவில் வைத்துப் பாருங்கள். மேலே நீல எனாமல், அது உரிந்த இடத்தில் பச்சை, அதற்கும் கீழே காவி. நிலையில் வருஷக்கணக்காக மஞ்சளும் குங்குமமும் ஏறித் தடித்த பொருக்கு. போலியோ சொட்டு மருந்துக்காரர்கள் எழுதிய சாக்பீஸ் குறி. கணக்கெடுப்பு எண். மாவிலை கட்டிய ஆணியில் காய்ந்த நரம்பு மட்டும். 1986-ல் டேவிட் ஹாக்னி கலிபோர்னியாவின் ஒரு பாலைவனச் சாலைச் சந்திப்பை நூற்றுக்கணக்கான படங்களாக எடுத்து ஒட்டியது உலகப் புகழ் பெற்றது. நம் கதவு அந்த வேலையைத் தானாகவே செய்துகொண்டு, புகழ் எதுவும் கேட்காமல் கீல் மட்டும் முனகிக்கொண்டிருக்கிறது.

செய்முறை சுருக்கமானது. அட்டைக்கு அலைய வேண்டாம். சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்றே அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பத்துக்குப் பூசை போட்டுவிடுகிறார்கள். தை பிறப்பதற்குள் பழைய தினசரி காலண்டரின் அட்டை எந்த வீட்டிலும் ஒன்று கழிந்திருக்கும். முன்பக்கம் சாமி இருப்பதால் பின்பக்கத்தில் ஒட்டுக. சாமி சுவரைப் பார்த்திருக்கலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. மைதாவைக் காய்ச்சும்போது சிட்டிகை மயில்துத்தம் சேர்த்தால் பூச்சி அரிக்காது. அது விஷம், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைக்க. பசை தடித்தால் படத்தின் ஓரம் சுருளும் ஆதலால், மெல்லத் தடவி, இரவு முழுவதும் கனமான ஒன்றின் கீழ் வைத்து அமுக்க வேண்டும்.

அக்கனத்துக்கு அம்மியே சிறந்தது. அம்மியையும் பழைய பொருளாகக் கொண்டு படத்தில் சேர்க்கலாமன்றோ எனின், ஆகாது. கல்யாணத்துக்குக் கல்யாணம் மணப்பெண் கால் வைக்க இன்றும் அதைத்தான் கேட்கிறார்கள். மற்ற நாளில் மேற்படி வேலையும் இருக்கிறது. ஆதலால் அம்மி படத்துக்குள் வராது, படத்துக்கு மேலேயே இருக்கக் கடவது.