வெல்லம் தின்னாத சீக்காளி

ஏ தாயி, பூனைக்குச் சக்கரைன்னு போன்ல நீ அழுத அழுகையைக் கேட்டு, யாரோ பெரிய தலை சாஞ்சுட்டாகன்னு நான் துண்டை எடுத்துத் தோள்ல போட்டுட்டேன். எனக்குச் சக்கரைன்னு தெரிஞ்ச அன்னைக்கு, “வயசாச்சுல்லா தாத்தா, பாத்து இருங்க”ன்னுட்டு சீரியல் பக்கம் திரும்பினவ நீ. போகட்டும். பூனைக்கு மீசையும் இருக்கு, வாலும் இருக்கு. எனக்கு மீசை மட்டுந்தானே.

மாட்டாஸ்பத்திரியில கம்பவுண்டரா இருந்து பென்சன் வாங்குதவன், தெனமும் வயித்துல ஊசி குத்திக்கிடுதவன் சொல்லுதேன். மூக்கைச் சிந்திட்டுக் கேளு.

பூனை நாக்குக்கு இனிப்பே தெரியாது தாயி. இனிப்பை அறியுத மரபணு அந்தச் சாதிக்கே வேலை செய்யலைன்னு 2005-ல அமெரிக்காவுல மோனெல் ஆய்வு மையத்துக்காரக கண்டுபிடிச்சு எழுதியிருக்காக. பொறந்ததுல இருந்து ஒரு அதிரசத்துக்கு அடம்பிடிக்காத சீவன். அதுக்குப் போயி சக்கரை! நான் தின்ன மைசூர்பாகுக்காவது ஒரு நியாயம் இருக்கு.

பின்னே எப்படி வந்துச்சுன்னு கேக்கியா? காயடிச்ச கடுவன், ஏழெட்டு வயசு, சன்னலுக்கு வெளிய கால் வெக்காத வாழ்க்கை, கொழுத்த வயிறு. தட்டு நெறைய கொறிக்கத் தீனி. அந்த மொறுமொறுப்பு உருண்டையா நிக்கணும்னா மாவு சேத்தாத்தான் நிக்கும். கறி தின்னப் பொறந்த ஈரலு அந்த மாவைப் பாத்து முழிக்கும். அதுக்கு மேல மாப்பிள்ளை கையால டீயில நனைச்ச மேரி பிஸ்கட். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? போன தீவாளிக்கு வந்தப்போ நான் பேப்பர் படிக்கல, பேப்பருக்கு மேலால பாத்துக்கிட்டு இருந்தேன்.

தண்ணியை மொடா மொடாவாக் குடிச்சுது, மண் தட்டு தெனமும் சேறாக் கெடந்துச்சு, தின்னு தின்னு மெலிஞ்சுது, இப்போ பின்னங்கால்ல குதிகாலைத் தரையில பதிச்சு நடக்குதுன்னியே, அது நரம்பு தளந்த நடை. சக்கரை கட்டுக்குள்ள வந்தா மாசக்கணக்குல மெல்லத் தேறலாம். மண் தட்டுல எறும்பு மொய்ச்சப்பவே சங்கதி தெரிஞ்சிருக்கணும். நீங்க எறும்புக்கு மருந்தடிச்சீக.

ஒண்ணு மட்டும் டாக்டர்கிட்ட கேட்டுக்கோ. கூடைக்குள்ள அடைச்சு ஆட்டோவுல தூக்கிட்டுப் போனாலே பயத்துல பூனைக்குச் சக்கரை ஏறும். அதனால ஒத்த ரத்தச் சோதனையை நம்பி முடிவு கட்ட மாட்டாக. மூத்திரத்துல சக்கரை போகுதான்னு பாப்பாக. பிரக்டோசமைன்னு ஒரு சோதனை, முந்தின ஒண்ணு ரெண்டு வாரத்துக் கணக்கைச் சொல்லும், அதையும் பாப்பாக. எல்லாம் பாத்தாச்சுன்னா சரி, ஊசியை எடு.

இனிமேத்தான் எனக்குப் பயம். பூனையைப் பாத்து இல்ல, ஒன்னையப் பாத்து. நீ பரீச்சையில தொண்ணூத்தொம்பது வாங்கிட்டு ஒரு மார்க்குக்குச் சாப்பிடாம கெடந்தவ. மீட்டர்ல 280-ன்னு காட்டுனா ராத்திரியே டோஸைக் கூட்டலாமான்னு நிப்பே. நிக்காதே. சக்கரை கூடிக் கெடந்தா உடம்பு மெல்லத்தான் கெடும், டாக்டரைக் கேக்க நேரம் இருக்கும். மருந்து கூடிப் போனா அந்த நேரம் இருக்காது. நாள் பூராவும் பெரும்பாலும் 300-க்குள்ள, 80-க்குக் கீழ எறங்காம நின்னாலே நல்ல கட்டுப்பாடுதான். என் சக்கரை 200-ன்னாலும் சீரியல் பாக்குற நீ, பூனைக்கு மட்டும் 100 வேணும்னு தவம் கெடக்காதே. டோஸை மாத்துறது டாக்டர் வேலை, மாத்துனா ஒரு வாரமாவது பொறுத்துப் பாக்குறது ஒன் வேலை.

ஆரம்பத்துல சாதாரணமா ஒரு யூனிட்டு, பன்னெண்டு மணி நேரத்துக்கு ஒருக்க. அந்த ஒரு யூனிட்டுக்குள்ளதான் வில்லங்கம் ஒளிஞ்சிருக்கு. மருந்து மில்லிக்கு 40 யூனிட்டுன்னு ஒண்ணு, 100 யூனிட்டுன்னு ஒண்ணு. செவப்பு மூடி சிரிஞ்ச் 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. கிளார்ஜின்ங்கிற இன்சுலின் பெரும்பாலும் 100 சாதி. அதைச் செவப்பு மூடியில ஒரு கோடு இழுத்தீன்னா ரெண்டரை யூனிட்டு உள்ள போகும். மருந்துக் கடைப் பையன் “ரெண்டும் ஒண்ணுதாங்க்கா”ம்பான். பூனை அவன் வீட்டுப் பூனை இல்ல.

தட்டுல தீனி வெச்சு, அது தின்னும்போதே தோலைக் கூடாரமாத் தூக்கிக் குத்து. ஊசி ரொம்பச் சன்னம், பூனை திரும்பிக்கூடப் பாக்காது. மயிருல குத்தி மறுபக்கம் மருந்தைக் கொட்டிறாதே, விரலுக்கு ஈரம் தட்டுதான்னு பாரு. தின்னலையா, வாந்தி எடுத்துச்சா, ஊசிக்கு முன்னால டாக்டருக்குப் போன் போடு. ஊசி போட்டமா இல்லையான்னு சந்தேகம் வந்தா போடாதே, அடுத்த வேளைக்குப் பாத்துக்கலாம். புருசனும் பொண்டாட்டியும் ஆளுக்கொரு பாசத்துல ஆளுக்கொரு ஊசி போட்டா பூனை தாங்காது. தினக் காலண்டர்த் தாள்ல போட்டவுக கையெழுத்துப் போடட்டும். மாப்பிள்ளைக்கு எதுலயாச்சும் கையெழுத்துப் போடுத அதிகாரம் கெடச்ச மாதிரியும் இருக்கும்.

திடீர்னு தள்ளாடுது, பேந்தப் பேந்த முழிக்குது, நடுங்குதுன்னா சக்கரை எறங்கிருச்சு. முழுங்கத் தெம்பிருந்தா உடனே தீனி வை. இல்லைன்னா தேனையோ சக்கரைத் தண்ணியையோ ஈறுல தடவு. வலிப்பு வந்தா வாய்க்குள்ள ஊத்தாதே, புரையேறும். தடவுன கையோட ஆஸ்பத்திரிக்கு ஓடு.

சோத்து விசயத்துக்கு வா. மாவு கொறைஞ்ச, கறி கூடுன ஈரத் தீனி, டின்னுலயோ பொட்டலத்துலயோ வருதே, அது நல்லது. வெறும் கோழியை அவிச்சுப் போட்டே காலத்தை ஓட்டிறலாம்னு நெனக்காதே. டாரின்ங்கிற சத்து பத்தாம கண்ணும் இருதயமும் கெட்டுப்போகும். இன்னொண்ணு, தீனியில மாவைக் கொறைச்சா ஊசித் தேவையும் கொறையும். டாக்டருக்குச் சொல்லாம நீயா தீனியை மாத்திட்டுப் பழைய டோஸைப் போட்டா மறுபடியும் அதே தள்ளாட்டந்தான். எளைக்கட்டும்னு பட்டினியும் போடாதே. கொழுத்த பூனை ரெண்டு மூணு நாள் தின்னாமக் கெடந்தா ஈரல்ல கொழுப்பு ஏறி ஆளையே சாச்சுப்புடும்.

எதிர்த்த வீட்டம்மா நாவக்கொட்டைப் பொடியும் பாகக்காச் சாறும் கொண்டாந்து தருவாக. வாங்கி வெச்சுக்கோ, நான் வந்தா எனக்கே தந்துரு. நானும் துப்பிருவேன், ஆனா மரியாதையாத் துப்புவேன். மாத்திரை இல்லையான்னு கேட்டியே, இருக்கு. பெக்ஸாகிளிஃப்ளோசின்னு ஒண்ணுக்கு 2022 டிசம்பர்ல அமெரிக்காவுல அனுமதி கொடுத்தாக. பேரைச் சொல்லி முடிக்கதுக்குள்ள எனக்குப் பல்செட்டு கழண்டுரும். இன்சுலின் ஏத்த ஆரம்பிச்ச பூனைக்கு அது ஆகாது. ஊசியை ஆரம்பிச்சாச்சுன்னா ஒன் கடுவனுக்கும் ஊசிதான்.

அந்த இன்சுலினே நாய் தயவுல வந்தது. 1921-ல கனடாவுல டொரொண்டோவுல பான்டிங்கும் பெஸ்டும் நாய்களுக்குக் கணையத்தை எடுத்துத்தான் சோதிச்சாக. பூனைகிட்ட சொல்லிராதே, ரோசத்துல ஊசிக்குக் கழுத்தைக் குடுக்காது.

மொதல் கொஞ்ச மாசத்துலயே ஊசியும் தீனியும் ஒழுங்கா விழுந்தா, சில பூனைக்கு ஊசியே வேண்டாம்னு ஆயிரும். எனக்கு அந்தக் குடுப்பினை இல்ல. அப்படி ஆனாலும் பழைய தட்டுக்குத் திரும்பிறாதே, சக்கரை திரும்பி வரும். அப்பப்போ காதோரத்துல ஒரு சொட்டு எடுத்துப் பாத்துக்கோ. மனுச மீட்டர் பூனை ரத்தத்தைப் பெரும்பாலும் கொறைச்சுத்தான் காட்டும், பூனைக்குன்னு தனி மீட்டர் வாங்கிக்கோ.

மாப்பிள்ளைக்கும் தொப்பை விழுந்திருக்கு, அவுகளையும் ஒருக்கா சோதிச்சிரு. பூனை மீட்டர்ல இல்ல தாயி, லேபுக்குக் கூட்டிட்டுப் போ. வரமாட்டேன்னாகன்னா அந்தக் கூடை சும்மாத்தானே கெடக்கு.