பழம்பெட்டி விசாரம்

கூத்து ஜமா ஒன்று புதுப்பெட்டி வாங்கியபின் கழித்துக் கொடுத்ததும், துருத்தியில் ஒட்டுப் போட்டதும், 37 கட்டைகளில் சிலவே சொன்ன பேச்சைக் கேட்பதுமான ஆர்மோனியத்தைக் கொண்டு ஒன்பது வயதுக் குழந்தைக்கு ஸரளி வரிசை பயிற்றலாமா என்று செஞ்சிக் கடைத்தெருவில் ஒரு தகப்பனார் வினவ, கூடி நின்றோர் ஆளுக்கொரு விடை பகர்ந்தனரேயன்றி ஒருவரும் பிரமாணம் காட்டினாரில்லை. அக்குறையை நீக்குவதே இவ்வாராய்ச்சியின் பிரயோஜனம்.

பெட்டிகள் நால்வகைப்படும்: ஊதுவது, ஊதாதது, விரலை எடுத்தும் ஓயாதது, பியானோ. பியானோவைச் செஞ்சியில் யாம் கண்டதில்லை. ஊதாதது விறகு.

ஊதுவதன் காலநிர்ணயம் கடினமன்று. ஆர்மோனியத்தைப் பாரிஸில் அலெக்சாந்தர் தெபேன் பதிவு செய்தது 1840-களில். செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜன் களத்தில் மாண்டது 1714-இல். ஆயினும் செஞ்சியில் பழசாய்த் தோன்றும் பொருள் யாவும் தேசிங்கு காலத்தவை என்பது இவ்வட்டார ஆராய்ச்சியின் முதல் விதியாகலின், இடைப்பட்ட நூற்றுச் சொச்சம் ஆண்டுகளைப் புலவர்கள் பொருட்படுத்துவதில்லை.

இனி, ஓயாத கட்டை. இதுவே நம் விசாரத்தின் உயிர்நிலை. மழைக்காலத்தில் மரம் ஊறிக் கட்டை பக்கத்துக் கட்டையோடு உரசி எழமாட்டாது நிற்கும். அன்றி அடியிலுள்ள கம்பி தளர, துவாரத்தை மூடவேண்டிய தோல் முழுதும் மூடாதொழியும். காற்றுள்ளமட்டும் ரீடின் பித்தளை நாக்கு பேசிக்கொண்டே இருக்கும். காரணம் இத்துணை எளிதாயிருப்பது ஆராய்ச்சிக்கு இழுக்கென்று கண்ட பெரியோர் இரு கட்சியாய்ப் பிரிந்தனர். அது தெய்வாதீனமாய் வாய்த்த சுருதியே என்பார் ஒரு சாரார். ஓயாதது ஐந்தாம் கட்டையாயின் குழந்தைக்கு ஐந்து கட்டைச் சுருதி இலவசம் என்பது அவர் வாதம். இதற்கு ஆதாரம் கரையான் அரித்த ஏடொன்றின் அரிபடாத மூலை. அம்மூலைக்கு ஓர் உரை. அவ்வுரையில் மை கொட்டிய இடத்திற்கு ஒரு குறிப்புரை. அக்குறிப்புரையைக் கண்ணால் கண்டவரைக் கண்டவருடைய மருமகன் திண்டிவனம் பஸ்ஸில் சொல்லியருளிய விளக்கம். மறுசாரார் அம்மருமகன் ஏறியது திருவண்ணாமலை பஸ் என்று நிறுவிவிட்டமையால், பெட்டியைப் பற்றிய பேச்சு அத்துடன் நின்றுபோயிற்று.

கமகம் வாராது, அந்தர காந்தாரம் இயல்பான நிலைக்குச் சுமார் 14 சென்ட் ஏறி நிற்கிறது என்ற குற்றங்கள் மெய்யே. அவற்றையொட்டி அகில இந்திய வானொலி 1940-இல் இப்பெட்டியை விலக்கி, 1971 வரை உள்ளே விடவில்லை. அந்நாளெல்லாம் இப்பக்கத்துத் திரௌபதியம்மன் கோயில் திடல்களில் விடிய விடியத் துருத்தியை அசைத்த பெட்டிக்காரர்கள் டில்லியின் உத்தரவை எதிர்பார்த்திருந்ததாகத் தெரியவில்லை. செஞ்சி முதல் குருக்ஷேத்திரம் வரை அவ்வம்மன் வழிபாட்டை ஆராய்ந்து 1988-இல் பெருநூலொன்று வெளியிட்ட அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டெபெய்டல் கூடப் பெட்டிக்கென ஓர் அதிகாரம் ஒதுக்கினாரல்லர். அத்தியாகத்தால் எஞ்சிய இடத்தையே யாம் இங்கு நிரப்புகின்றோம்.

சித்தாந்தம் வருமாறு. துருத்தியை நிரப்பி, எக்கட்டையையும் தொடாது விட, அது பைய இறங்கினால் போதும். முகலாயத் தளபதி சுல்பிகார் கானை 1690 முதல் 1698 வரை வெளியே நிறுத்திய இவ்வூர்க் கோட்டையைப்போல் அது காற்றைக் காக்கவேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. ஸட்ஜத்தையும் மேல் ஸட்ஜத்தையும் ஒருங்கே பிடிக்க, ஒலி அலையாது நின்றால் சுதி சரி. ஊமைக் கட்டையாயின், பெட்டியைத் திறந்து நாக்கின் அடியில் மெல்லிய தாளைச் செருகி இழுக்க, பெரும்பாலும் தூசி வரும், ஸ்வரமும் வரும். சுதி விலகிய பெட்டியை மட்டும் நாட்பட வைத்திருத்தலாகாது. குழந்தையின் காது அதற்கே பழகிவிடும். மற்றக் குறைகள் மன்னிக்கத்தக்கன, தகப்பனார் தாமும் உட்கார்ந்து பாடுவதாயிருந்தாலன்றி.

பெட்டிக்குள் நெடுநாள் குடியிருந்த எலிக்குப் பாடவேளையில் உடனிருக்கும் பாத்தியதை உண்டோ என்பது விரிவஞ்சி இங்கு விடுக்கப்பட்டது.