துப்பாக்கி யார் கையில்?

கே: அமெரிக்கா மாதிரி இங்கேயும் கேட்டவர்களுக்கெல்லாம் துப்பாக்கி கொடுத்தால் பெண்கள் பயமில்லாமல் நடமாடலாமே? (கல்லூரி மாணவி, திருவண்ணாமலை)

ப: உங்கள் கைக்கு வரும் அன்றே, உங்களைத் துரத்துகிறவன் கைக்கும் வரும். முதலில் எடுப்பவன் அவன்தான். கிரிவலப் பாதையில் தெருவிளக்கும் ராத்திரி ரோந்தும் கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன்.

கே: நாட்டுத் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்கிறது போலீஸ். காட்டுப்பன்றிக்கு யார் பதில் சொல்வது? (விவசாயி, ஜவ்வாதுமலை)

ப: ஒரே ராத்திரியில் சாமைக் கொல்லையை நாசமாக்கிவிட்டுப் போகும் பன்றியின் வலி எனக்குப் புரிகிறது. ஆனால் கரிமருந்து கிட்டித்துக் கூரையில் செருகிய துப்பாக்கிக்குப் பன்றியும் ஒன்றுதான், குடிபோதையில் சண்டைக்கு வரும் பங்காளியும் ஒன்றுதான். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டு வரை சிறை. ஒப்படைத்துவிடுங்கள். அதைக் கேட்டு வரும் அதிகாரிகள், அதே ஜீப்பில் பயிர் இழப்பீட்டு மனுவையும் எடுத்து வரட்டும்.

கே: மனநிலை சரியில்லாதவருக்கு லைசென்ஸே கிடையாதே, பிறகென்ன பயம்? (தலைமையாசிரியர், செங்கம்)

ப: 1959 ஆயுதச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. 2016 விதிகள் டாக்டர் சான்றிதழும் கேட்கின்றன. ஆனால் 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் 5 ஆண்டு செல்லும். மனு கொடுத்த அன்று தெளிவாக இருந்தவர், மூன்றாம் ஆண்டில் கடனிலும் குடியிலும் விழுந்து, மனைவியைச் சந்தேகப்பட்டு, ராத்திரியெல்லாம் தூங்காமல் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருக்கலாம். அதை டாக்டர் பார்க்க மாட்டார், வீடுதான் பார்க்கும். லைசென்ஸை நிறுத்திவைக்கவும் ரத்து செய்யவும் சட்டத்தின் 17ஆம் பிரிவு இடம் தருகிறது. இது எத்தனை மனைவிமாருக்குத் தெரியும்? தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்கிறோம். ஓட்டுக்குத் தரும் பாதுகாப்பை ஒரு பெண்ணின் உயிருக்கும் தர வேண்டும். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஒரு மனைவியோ மகனோ லைசென்ஸை நிறுத்திவைக்கச் சொல்லி மனு கொடுத்தால், அன்று சாயங்காலத்துக்குள் துப்பாக்கி வீட்டை விட்டு வெளியேற வேண்டும். விசாரணை பிறகு நடக்கட்டும்.

கே: மனநோயாளிகளைப் பிடித்து அடைத்தாலே பாதி வன்முறை ஒழியுமே? (வணிகர், ஆரணி)

ப: ஒழியாது. 2018 மே மாதம் போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வம் கும்பிடக் குடும்பத்தோடு வந்த ஒரு மூதாட்டி, குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர் என்று அடித்தே கொன்றார்கள். அடித்த கூட்டத்துக்கு எந்த மனநோயும் இல்லை, வாட்ஸ்அப் வதந்தி போதுமாக இருந்தது. அடைத்து வைத்ததன் பலனையும் பார்த்தோம்: 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி மனநோயாளிகள் காப்பகம். தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை, 28 பேர் கருகினார்கள்.

மனநோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் யாரையும் தொடுவதில்லை, அடிபடுகிறவர்களே அதிகம். நம் ஊரிலேயே ஒருவரைச் சித்தர் என்று கும்பிடுகிறோம், இன்னொருவரைக் கல்லெடுத்து விரட்டுகிறோம். இருவருக்கும் மாத்திரை கொடுக்க ஆளில்லை. தெருவில் திரியும் மனநோயாளியைப் பாதுகாத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோவது போலீசின் கடமை என்கிறது 2017 மனநலச் சட்டம். அதை நினைவுபடுத்துவது நம் கடமை.

கே: ஜப்பானில் கடுமையான சட்டம் இருந்தும் முன்னாள் பிரதமர் அபேயைச் சுட்டார்களே? (வாசகர், செய்யாறு)

ப: உண்மை. 2022இல் வீட்டிலேயே செய்த துப்பாக்கியால் சுட்டார் ஒருவர். இருந்தும், துப்பாக்கிச் சாவு மிகக் குறைந்த நாடுகளில் ஒன்று ஜப்பான். 1996இல் போர்ட் ஆர்தரில் 35 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதும் ஆஸ்திரேலியா 6 லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை விலை கொடுத்துத் திரும்ப வாங்கியது. இலங்கை கொடிய பூச்சிமருந்துகளைத் தடை செய்தது, தற்கொலைகள் வெகுவாகக் குறைந்தன. கொல்லும் பொருள் கைக்கெட்டாவிட்டால் அந்த வெறி தணிய நேரம் கிடைக்கிறது.

கே: அண்ணனிடம் லைசென்ஸ் துப்பாக்கி இருக்கிறது. கொஞ்ச நாளாக, "இருந்து என்ன பயன்" என்கிறார். போலீசில் சொன்னால் குடும்ப மானம் போகாதா? (பெயர் வேண்டாம், வந்தவாசி)

ப: அம்மா, மானம் பிறகு வரும், அண்ணன் வரமாட்டார். அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கும் மேல் தற்கொலைதான். துப்பாக்கியை நீங்கள் தொட வேண்டாம். ஸ்டேஷனில் சொல்லி அவர்களை எடுத்துப்போகச் சொல்லுங்கள். அண்ணன் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். அவரைத் தனியாக விடாதீர்கள். இந்த இரவே மனநல உதவி எண் 14416க்குப் போன் செய்யுங்கள், கட்டணமில்லை, தமிழில் பேசுவார்கள். காலையில் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நீங்களே கூட்டிப் போங்கள்.