வட்டம் போடப்போய்: வடிவக் கருவிகளின் எதிர்பாரா விளைவுகளுக்கு ஓர் இலக்கணம்

நோக்கம்

ஃபோட்டோஷாப்பில் வட்டம் போடப்போய் வேறொன்று வந்து நிற்பதை மென்பொருளின் கோளாறு என்பர் பாமரர். அது பொருந்தாது. கருவிக்கு நினைவு மிகுதி, ஆளுக்கு மறதி மிகுதி. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தூரமே எதிர்பாரா விளைவு என நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம். சான்றுகள் யாவும் கல்யாண பேனர் அடிக்கும் கடைகளில் கண்கூடு.

முன்னோர் வரலாறு

1981இல் ஆப்பிளின் பில் அட்கின்சன், நீள்வட்டங்களை அதிவேகமாக வரையும் நிரல் ஒன்றை எழுதினார். ஒற்றைப்படை எண்களை வரிசையாகக் கூட்டினால் வர்க்க எண்கள் கிடைக்கும் (1+3=4, 1+3+5=9) என்பதைக் கொண்டு, பெருக்கலைத் தொடாமல் கூட்டல் கழித்தலிலேயே காரியத்தை முடித்தார். பார்த்த ஸ்டீவ் ஜாப்ஸ், மூலை வளைந்த செவ்வகம் வருமா என்று கேட்டார். தெருவுக்கு அழைத்துப்போய், வண்டி நிறுத்தத் தடைசெய்யும் பலகையையும் காட்டினார். மறுநாள் அதுவும் வந்தது. வட்டத்தோடு வந்தவர் செவ்வக வேலையோடு வீடு திரும்பியதே இத்துறையின் முதல் எதிர்பாரா விளைவு.

நூற்பா 1: முன்னர் அழுத்தின் ஒன்று, பின்னர் அழுத்தின் வேறு.

உரை: வடிவ லேயர் ஒன்று தேர்வில் இருக்கையில், இழுக்கத் தொடங்கியபின் ஷிஃப்டை அழுத்தினால் நீள்வட்டம் சரியான வட்டமாகும். இழுக்குமுன் அழுத்தினால், புதியது பழைய வடிவத்தோடு ஒட்டி ஒரே லேயராகும். ஆல்ட் இதனினும் கொடியது. பின்னர் அழுத்தினால் வட்டம் நடுவிலிருந்து விரியும். முன்னர் அழுத்தினால், இருந்த வடிவத்தையே வெட்டியெடுக்கும். சிவப்புப் பட்டைமேல் மஞ்சள் வட்டம் வைக்கப்போனவர், பட்டையில் ஓட்டை போட்டுவிட்டு மானிட்டரைத் துடைத்துப் பார்ப்பது இவ்வகை.

நூற்பா 2: முந்தைய வேலை பிந்தைய வேலையைப் பிடிக்கும்.

உரை: கடைசியாகத் தேர்ந்த நிறத்தையும் விளிம்பையும் கருவி மறப்பதில்லை. காலையில் காதணி விழா பேனருக்கு ரோஸ் நிறமும் தடித்த பச்சை பார்டரும் தேர்ந்தவர், மாலையில் கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் ஒரு செவ்வகம் இழுத்தால், அதுவும் ரோஸும் பச்சையுமாய் மங்களகரமாக வந்து இறங்கும்.

நூற்பா 3: இருமுறை மூடின் இல்லாது போகும்.

உரை: கோரல்டிராவில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இரு வட்டங்களைக் 'கம்பைன்' செய்தால், ஏறிய இடம் காலியாகும். ஓரிடத்திலிருந்து வெளியே கோடு இழுத்தால் அது எத்தனை விளிம்புகளைத் தாண்டுகிறது என்பதே கணக்கு: ஒற்றைப்படையானால் நிறம், இரட்டைப்படையானால் வெறுமை. கையெடுக்காமல் போட்ட ஐம்முனை நட்சத்திரமும் இவ்விதிப்படி நிரப்பினால் நடுவே காலியாகும். 'வெல்டு' அல்லவா கொடுத்திருக்க வேண்டும் என்பது, ஓட்டை விழுந்தபின்பே எவர்க்கும் நினைவுக்கு வரும்.

புறனடை: மேற்கூறிய விதிகள், பக்கத்து ஸ்டூலில் வாடிக்கையாளர் உட்கார்ந்திருக்கும்போது செல்லா. ஓட்டையை மறைக்க டிசைனர் கன்ட்ரோல்-இசட்டை நோக்கி விரைகையில், "தம்பி, விடுங்க, இதுதான் புதுசா இருக்கு" என்று அவர் சொல்வாராயின், அக்கணமே அது 'டிசைன்' ஆகும். அதற்குத் தனி ரேட்டும் உண்டு. மறுவாரம் இன்னொருவர் வந்து அதே ஓட்டையைக் கேட்கையில், அதை எப்படிப் போட்டோம் என்பது டிசைனருக்கு மறந்திருக்கும் என்க.