உழைச்செல்வார் இலக்கணம்: மூலமும் உரையும்

பாயிரம்

மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தவர் வள்ளுவர். 95ஆம் அதிகாரத்தின் கடைசிக் குறளில் நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றையும் அடுத்து நிற்பவர் உழைச்செல்வான், அதாவது பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவர். உரை எழுதவந்த பரிமேலழகர் நான்கோடு விடவில்லை. ஒவ்வொன்றுக்கும் நான்கு தகுதி சொல்லிப் பதினாறாக்கினார். பக்கத்தில் இருப்பவருக்கு அவர் வைத்தவை: நோயாளியிடம் அன்பு, மனம் மொழி மெய்களில் தூய்மை, சொன்னதைச் சொன்னபடி செய்யும் திறன், அறிவு. நோயாளிக்கு வைத்தவற்றில் முதலாவது, பொருள் உடைமை. ஹோம் கேர் ஏஜென்சிக்காரர்கள் பரிமேலழகரைப் படித்திருக்க வாய்ப்பில்லை. இருந்தும் இந்த ஓரிடத்தில் அவர்களுக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

பதினாறில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு எட்டு மாதம், மூன்று ஏஜென்சி, ஏழு ஆட்கள் ஆயிற்று. பக்கவாதத்தில் படுத்த அத்தையை மாம்பலத்து வீட்டில் வைத்துப் பார்த்த காலத்தில் இயற்றப்பட்டது இந்நூல். நூற்பாக்கள் அடியேன் செய்தவை. உரையும் அடியேனே, வேறு யாரும் முன்வரவில்லை.

1. பெயரியல்

ஆயா சிஸ்டர் அட்டெண்டர் ஆளென
நால்வகைப் பெயரும் ஓருருக் குறிக்கும்.

என்பது என்னுதலிற்றோ எனின், வீட்டுக்கு வருபவரை விளிக்கும் முறை உணர்த்துதல் நுதலிற்று. ஏஜென்சி போனில் சொல்வது சிஸ்டர். பில்லில் வருவது அட்டெண்டர். அடுக்ககத்து வாட்ச்மேன் நோட்டில் எழுதுவது ஆயா. உறவுக்காரர்கள் விசாரிப்பது, "ஆள் கிடைச்சுதா?" நால்வரும் ஒருவரே. வாய் குழறிய அத்தை மட்டும் "ம்மா" என்றார். அது புறனடை.

பெயர் கலந்தால் என்ன கெட்டுப்போயிற்று எனின், கெடும். நர்ஸ் என்பது படித்துப் பதிவு செய்து பெறும் பெயர். பி.எஸ்சி. நர்சிங்குக்கு 4 ஆண்டு, ஜி.என்.எம்.முக்கு 3, ஏ.என்.எம்.முக்கு 2. படிப்பு முடிந்ததும் மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு. இதற்கான சட்டம் சென்னை மாகாணத்தில் 1926இலேயே வந்துவிட்டது. அட்டெண்டருக்கு இப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. சிலர் சில மாதப் பயிற்சி முடித்தவர்கள். சிலர் போன வீட்டில் பார்த்துக் கற்றவர்கள். எங்களுக்கு மூன்றாவதாக வந்தவர் முந்தின வாரம்வரை திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவர். தையல் பிரிந்த இடத்தைத் தேடிப் பழகிய கண் அது. அத்தையின் குதிகாலில் முதல் சிவப்பைக் கண்டதும் அந்தக் கண்தான்.

ஆகவே விதி இது: மூக்கில் ட்யூப், ஊசி, கதீட்டர் உள்ள வீட்டுக்கு நர்ஸ். குளிப்பாட்ட, ஊட்ட, புரட்டிப் படுக்கவைக்க அட்டெண்டர். முன்னதைக் கேட்டால் பின்னதை அனுப்பி "சிஸ்டர்" என்று பெயரிடுவது ஆகுபெயர்.

2. வரவியல்

வந்தார் வருகிறார் வருவார் என்னும்
முக்கால வினையும் ஏஜென்சிக் கொன்றே.

காலை 8 மணிக்கு ஆள் மாற வேண்டும். எட்டரைக்கு, "கிளம்பிட்டாங்க சார்." பத்துக்கு, "கோயம்பேடு தாண்டிட்டாங்க." பன்னிரண்டுக்கு, "அவங்க பாட்டி தவறிட்டாங்களாம், ரீப்ளேஸ்மென்ட் அனுப்பறோம்." எட்டு மாதத்தில் ஒருவருக்கே மூன்று பாட்டிகள் இறந்தார்கள். முதலில் சிரித்தேன். பிறகு ஒப்பந்தத்தாளை எடுத்து முழுதும் படித்தேன். லீவு என்ற சொல்லே அதில் இல்லை. உயிரோடு இருக்கும் பாட்டியைப் பார்க்க யாரும் அனுப்பமாட்டார்கள் என்றால் அவரைக் கொல்வதைத் தவிர என்ன வழி?

வருபவர் எப்படிப்பட்டவர் என்ற கேள்விக்கு ஏஜென்சி தரும் விடை, "எல்லாம் வெரிஃபைட் சார்." இதற்குப் பொருள், ஆதார் ஜெராக்ஸ் வாங்கி வைத்திருக்கிறார்கள் என்பது. போலீஸ் சரிபார்ப்பு என்பது வேறு. அதைக் கேட்டு வாங்க வேண்டும், கேட்பது தவறும் அல்ல.

அற்றேல், வீட்டை வெரிஃபை செய்வது யார் எனின், ஒருவருமில்லை. தாழ்ப்பாள் இல்லாத பாத்ரூம், படுக்கக் கூடத்து மூலை, மிச்சமானால் சாப்பாடு, கை நீளும் பெரியவர் என வீடுகளும் நால்வகைப்படும். முன்பின் தெரியாத அப்படியொரு வீட்டுக்குள் ஒற்றைப் பையோடு நுழைபவரின் பாதுகாப்பு, பாதுகாப்பு விதிகளின் கணக்கில் வருவதில்லை. பணமோ நகையோ காணாமல் போகும் அன்று மட்டும் அவர் பெயர் முதலில் வரும்.

3. காப்பியல்

விழுதல் புண்படல் புரையே றுதலே
மருந்து மாறலொடு கேடு நான்கே.

விழுதல் வெளிப்படை. ஈரத்தரையும் வழுக்கும் கால்மிதியும் போதும்.

புண்படல், படுக்கைப் புண். படுத்தே இருப்பவரைப் பொதுவாக இரண்டு மணிக்கொருமுறை புரட்ட வேண்டும் என்பது செவிலியர் கற்கும் பாடம். புண்ணுக்கும் நான்கு நிலை வகுத்திருக்கிறார்கள். முதல் நிலையில் தோல் கிழிவதில்லை, சிவக்கிறது. விரலால் அழுத்தினால் வெளுக்க வேண்டும். வெளுக்காமல் சிவப்பு சிவப்பாகவே நின்றால் முதல் நிலை. நான்காம் நிலையில் எலும்பு தெரியும்.

புரையேறுதல், மூக்குவழி ட்யூப் போட்டவருக்கு வருவது. கஞ்சி ஊற்றும்போது தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். ஊற்றி முடித்து அரை மணியாவது அப்படியே இருக்க வேண்டும். "தூங்கட்டும் பாவம்" என்று உடனே தலையணையை எடுக்கும் அன்பு, நுரையீரலுக்குள் கஞ்சியை அனுப்பும் அன்பு.

மருந்து மாறலுக்கு ஒரு காட்டு. இன்சுலின் குப்பி இங்கே பெரும்பாலும் இரு வலிமையில் கிடைக்கிறது: ஒரு மில்லியில் 40 யூனிட், ஒரு மில்லியில் 100 யூனிட். முன்னதற்குரிய சிரிஞ்சின் மூடி சிவப்பு, பின்னதற்கு ஆரஞ்சு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 என்ற கோடுவரை இழுத்தால் உடம்பில் ஏறுவது 25 யூனிட். எங்கள் வீட்டு டப்பாவில் இரண்டு நிற மூடிகளும் ஒன்றாகக் கிடந்தன. போட்டு வைத்தது ஏஜென்சி அல்ல, நான்.

4. பொழுதியல்

பகலாள் இரவாள் தங்கும் ஆளென
மூன்றே வகைத்தாம் ஊழியப் பொழுதே.

பகலாள் காலை 8 முதல் இரவு 8 வரை. இரவாள் அதன் மறுபாதி. லீவில்லாவிட்டால் ஆளுக்கு வாரம் 84 மணி. தங்கும் ஆள் எல்லா நேரமும். பகலாளுக்கும் இரவாளுக்கும் சேர்த்துக் கொடுப்பதைவிடத் தங்கும் ஆளுக்குக் குறைவாகவே ஆகிறது. நாங்களும் தங்கும் ஆளைத்தான் எடுத்தோம்.

இது எப்படிக் கட்டுப்படியாகிறது எனின், கணக்குப் போட்டால் தெரியும். வாரத்துக்கு 168 மணி. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் ஒரு தொழிலாளிக்கு வைத்த வார உச்சம் 48 மணி. வகுத்தால் மூன்றரை. ஆக, தங்கும் ஆள் என்பவர் மூன்றரைப் பேர் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும் ஒருவர். எட்டு மணி நேர வேலைக்காகப் பிறந்த மே தினத்தை இந்தியாவில் முதன்முதலாகச் சிங்காரவேலர் கொண்டாடியது 1923இல், இதே சென்னைக் கடற்கரையில். மாம்பலத்திலிருந்து பஸ் உண்டு.

ஆறாவதாக வந்தவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். அவரிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, இரண்டு மணிக்கொருமுறை புரட்டியதைக் குறித்து, காலை ஆறுக்குப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லியிருந்தேன். ஓர் இரவு தண்ணீர் குடிக்க எழுந்தவன் அறையை எட்டிப் பார்த்தேன். மணி 2.40. ஸ்டூலில் உட்கார்ந்து கட்டில் கம்பியில் நெற்றியை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். நோட்டு திறந்திருந்தது. பத்து, இடது. பன்னிரண்டு, வலது. இரண்டு, இடது. நான்கு, வலது. ஆறு, நேராக.

நான்கும் ஆறும் இன்னும் வரவே இல்லை. கோபத்தோடு எழுப்பப் போனேன். அப்போதுதான் துண்டைப் பார்த்தேன். ஈரிழைத் துண்டின் ஒரு முனை அத்தையின் நல்ல கையில் தளர்வாகக் கட்டியிருந்தது. மறுமுனை அவர் மணிக்கட்டில். அத்தை அசைந்தால் அவர் விழித்துவிடுவார். எந்த ஏஜென்சியின் பயிற்சியிலும் இல்லாத கருவி. எழுப்பாமல் வந்துவிட்டேன்.

5. ஒழிபியல்

மேற்சொன்னவற்றில் அடங்காதவை இங்கே கூறப்படும்.

சட்டம் என்ன சொல்கிறது எனின், சொல்ல வந்து நின்றுவிட்டது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இல் வந்தது. வீட்டுப் பராமரிப்பு ஏஜென்சிகள் பதிவு செய்ய வேண்டும், குறைந்தபட்சத் தரம் காக்க வேண்டும் என்ற திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவைக்கு வந்தது. அந்த மக்களவை 2024இல் முடிந்தது, மசோதா சட்டமாகவில்லை. தமிழகத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரையும் பிசியோதெரபியும் வலிதணிப்புச் செவிலியரும் வீடு தேடி வருகிறார்கள். வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். இரவு வீட்டிலேயே இருக்கிறது. 2011 கணக்கெடுப்பிலேயே இம்மாநிலத்தில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குமேல் அறுபதைத் தாண்டியவர்கள். இந்த இரவுகள் இனிக் கூடத்தான் செய்யும்.

எனவே ஆள் எடுக்கும் வீட்டார் கேட்க வேண்டியவை: இவருக்கு வார விடுமுறை எந்த நாள்? அன்று வரும் ரிலீவர் யார்? இரவில் தொடர்ந்து எத்தனை மணி தூங்குவார்? அந்த நேரம் பேஷன்ட்டைப் புரட்டுவது யார்? கடைசிக் கேள்விக்கு ஏஜென்சியில் ஒரு பெண் சிறிது யோசித்து, "நீங்க சார்" என்றார். நான் கேட்ட விடைகளில் இது ஒன்றுதான் நேர்மையானது.

பரிமேலழகர் விட்ட பதினேழாவது தகுதி, தூக்கம். அதைக் கொண்டுவர வேண்டியவர் உழைச்செல்வார் அல்லர், அமர்த்தியவர்.

இரண்டாம் ஆள் வைக்க எங்களுக்குக் கட்டவில்லை. இரவு இரண்டு மணியையும் நான்கு மணியையும் நான் எடுத்துக்கொண்டேன். புரட்டும்போது ஆளை இழுக்கக்கூடாது, அடியில் விரித்த துணியை இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் தோல் உரியும் என்று கற்றுக்கொடுத்தவர் தஞ்சாவூர்க்காரர்தான். அதன்பின் நோட்டில் அந்த இரண்டு வரிகள் மட்டும் என் கோணல் எழுத்தில் இருக்கும். என்னை யாரும் வெரிஃபை செய்யவில்லை. மூன்றரையில் ஒன்று அவர், அரை நான். மீதி இரண்டு இடம் கடைசிவரை காலியாகவே இருந்தது.